சோலைமட்டத்துக்கு யார் சூடு விட்டது?

அடியாத மாடு படியாது என்று சொன்னவர் காட்டெருமையைப் பார்த்திருக்க மாட்டார். நடு ரோட்டில் படுத்து அசைபோடும் அந்த மலையை அடித்துப் படிய வைக்கலாம் என்று நினைத்தவர்கள் ஏழுமுடி தேசியப் பூங்காவிலும் இருந்தார்கள். பட்டாசு வெடித்தார்கள், சைரன் ஊதினார்கள், ஜீப்பைக் கிட்டே கொண்டுபோய் உறுமவிட்டார்கள். அந்த ஜீப் இப்போது அடிவாரச் சோதனைச்சாவடிக்குப் பின்னால் முகம் நசுங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு பூனை குடித்தனம் நடத்துகிறது.

சாவடியில் ரோட்டைக் கவனிக்கும் லோகேஸ்வரி அடிக்கவில்லை. ரோட்டின் சூட்டைக் குறைத்தாள், அவ்வளவுதான்.

ரோட்டுக்கு ஏது சூடு என்று கேட்பவர்கள் அந்த மலைக்குக் குளிர்காலத்தில் வந்ததில்லை. முன்பெல்லாம் மார்கழி விடியலில் புல்லின் மேல் உப்புத் தூவினாற்போல உறைபனி விழும், வெயில் ஏறினால் போய்விடும். பருவநிலைக்குப் புத்தி பேதலித்த பிறகு அது தார் ரோட்டிலும் விழுந்தது, விழுந்தது போகவும் மறுத்தது. வளைவுகளில் கண்ணாடித் தகடாக ஒட்டிக்கொண்டு பஸ்களைப் பள்ளத்துக்கு வழியனுப்பியது. குளிர்காலம் முழுக்கப் பாதையை மூடினார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் கத்தின. கடைசியில் ஒரு யோசனை வந்தது. கோடையில் தார் குடிக்கிற வெயிலைக் குழாய்த் தண்ணீரில் வாங்கிப் பாறைக்கு அடியில் ஆழமாக இறக்கி வைத்துக்கொள்வது, குளிர்காலத்தில் அதே சூட்டை மேலே ஏற்றி ரோட்டுக்கு அடியில் ஓடவிடுவது. ரோடு ஒன்றும் கொதிக்காது. வெறுங்காலோடு நின்றால் அடுப்படித் தரைபோல வெதுவெதுவென்றிருக்கும், பனிக்கட்டி பிடிக்காது.

யோசனை சொன்னவர்களுக்கு வண்டி ஞாபகம் இருந்தது, மாடு ஞாபகம் இல்லை. பூங்காவுக்குள் ராத்திரிப் போக்குவரத்து கிடையாது. சாயங்காலம் கேட்டை மூடினால் காலையில்தான் திறப்பார்கள். ஆள் அரவமற்ற, மைல் கணக்கில் நீளமான வெதுவெதுப்பான படுக்கையை யார்தான் வேண்டாம் என்பார்கள்? காட்டெருமைகள் குடும்பம் குடும்பமாக வந்து படுத்தன. முதல் குளிர்காலத்திலேயே ஒரு பால் வண்டி கன்றின் மேல் மோத, தாய் வண்டியின் மேல் மோத, டிரைவரும் கிளீனரும் அந்த வளைவிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அன்று காலை கேட்டைத் திறந்துவிட்டவள் லோகேஸ்வரி.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த வித்தையைக் கண்டுபிடித்தாள். கேட் திறப்பதற்கு முன்னால் மாடு படுத்திருக்கும் இடத்தை மட்டும் ஆறவிடுவாள். அதே நேரத்தில் காட்டுக்குள் பிரிகிற கிளைப் பாதையில் கொஞ்சம் சூடு விடுவாள். கீழே சில்லென்றதும் மாடுகள் சலிப்போடு எழுந்திருக்கும், வெதுவெதுப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து நடக்கும். சத்தமில்லை, சண்டையில்லை. சாவடியில் அவளுக்குச் சூட்டுக்காரி என்று பெயர் விழுந்தது. கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்தக் குளிர்காலம் அந்த வேலையும் அவள் கையில் இல்லை. சாலையைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் கணினி ஏற்பாட்டைச் சாவடிக்காரர்கள் ‘மேஸ்திரி’ என்று கூப்பிட்டார்கள். அது முந்தைய குளிர்காலங்களில் லோகேஸ்வரி செய்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடித்தால் போதும். மெயின் ரோட்டில் ஒரு மாடுகூட இல்லை. டீயும் சூடாக இருந்தது.

மனசுதான் சரியில்லை. காரணம் சோலைமட்டம்.

சோலைமட்டம் பூங்காவுக்கு நடுவில் இருக்கும் ஒரே குடியிருப்பு. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டம். குத்தகை முடிந்து தோட்டம் பூங்காவோடு சேர்ந்தபோது, முதலாளி போய்விட்டார், ஆட்கள் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். இலங்கையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலை அவர்கள் லயத்தின் வாசல் வரை போய் முடியும். அதற்கு அடியிலும் குழாய் பதித்ததோடு சரி, யாரும் சூடு விட்டதில்லை. அங்கேதான் லோகேஸ்வரியின் அக்கா யோகராணி இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியை அந்த ஒற்றை அறை லயன் காம்பராவில் வைத்து வளர்த்துப் படிக்க வைத்தவள் அவள்தான். லோகேஸ்வரிக்கு ஊர், வீடு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

பூங்கா நிர்வாகம் அவர்களைக் கீழே குடியமர்த்தப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டப்படி வற்புறுத்தக் கூடாது, கிராம சபை கூடிச் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் யோகராணி எழுந்து, “எங்க பாட்டன் பாட்டிய ஒருக்கா கப்பல்ல ஏத்துனாங்க. எங்கள லாரில ஏத்த விடமாட்டோம்” என்பாள். ஊர் கை தட்டும், அதிகாரிகள் டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

ஆனால் இந்தக் கார்த்திகையிலிருந்து காட்டெருமைகள் சோலைமட்டத்துக்குள் வர ஆரம்பித்தன. ஒன்றிரண்டு அல்ல, மந்தையாக. விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் கொம்பு. பைப்படிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன பாக்கியம் என்பவளை ஒரு தாய் எருமை தூக்கிப் போட்டதில் இடுப்பெலும்பு முறிந்தது. ஊரில் பாதிப் பேர் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். குடியரசு தினத்தன்று கிராம சபை. ஒரு ஆய்வுக் குழு போய்ப் பார்த்து, குப்பை இல்லை, உப்பு இல்லை, மாட்டை இழுக்கும்படி அங்கே எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டது. பொங்கலுக்கு மறுவாரம் லோகேஸ்வரி லீவு போட்டுவிட்டு வனத்துறை ஜீப்பில் மேலே போனாள்.

லயத்து வாசலில் இறங்கிச் செருப்பைக் கழற்றியவள் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

ரோடு வெதுவெதுவென்றிருந்தது.

சுற்றிப் பார்த்தாள். ரோட்டோரமாக வரிசையாகப் பாய் விரித்திருந்தது. ஒரு பாயில் மிளகு காய்ந்தது, இன்னொன்றில் கைக்குழந்தையின் துணி. அக்கா புருஷன் ராஜலிங்கம் கால் நீட்டி உட்கார்ந்து யாரோடோ சீட்டாடிக்கொண்டிருந்தார். குளிர்காலம் வந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு தலையணையில் சாய்ந்தே கிடக்கும் மனுஷன், “வா கொழுந்தியா” என்று குரல் உயர்த்திக் கூப்பிட்டார். அப்படி முழு மூச்சில் அவர் பேசிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

யோகராணி பிளேன் டீயோடு வந்தாள். தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு ரகசியமாகச் சிரித்தாள்.

“என்னக்கா இது? ரோடு சுடுது?”

“கேக்குறா பாரு, ஒண்ணுந் தெரியாதவ மாதிரி.”

“எனக்கு நெசமாவே தெரியாது. எப்பருந்து இப்படி?”

“கார்த்திகையில இருந்து. மொத நாளு நாந்தான் பாத்தேன். மாமாகிட்ட சொன்னேன், நம்ம லோகேசு நம்மள மறக்கல, ஆருக்கும் தெரியாம சூடு விடுதுன்னு. லயமே ஒன்னத்தான் கையெடுத்துக் கும்புடுது புள்ள.”

“அக்கா, நான் விடல.”

“சரி, சரி. நீ விடல.” யோகராணி கண்ணடித்தாள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். ராஜலிங்கம், “நாங்களும் ஆருக்கும் சொல்லல” என்றார்.

“ஆய்வுக் குழு வந்துச்சே, அவங்க ரோட்டத் தொட்டுப் பாக்கலையா?”

அங்கேதான் எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழு வருகிற செய்தி தெரிந்ததும் ஊரே சேர்ந்து, ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ரோட்டில் ஊற்றி ஆற வைத்திருக்கிறார்கள். பாயையெல்லாம் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள். வந்த பெரிய அதிகாரி ஈர ரோட்டைப் பார்த்து, ‘என்ன சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்’ என்று பாராட்டிவிட்டும் போயிருக்கிறார்.

“ரோடு சூடா இருக்கான்னு ஒருத்தர் கேட்டாரு. ஐசு மாதிரி இருக்குதுங்க ஐயான்னேன்” என்றாள் யோகராணி. “ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது, பயப்புடாத.”

லோகேஸ்வரிக்கு அழுகை வந்தது. அன்பு இப்படியும் ஆளைக் கவிழ்க்குமா என்று இருந்தது. அக்காவைத் தனியாகக் காம்பராவுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, நான் சொல்றத நல்லாக் கேளு. இந்தச் சூட்டுக்குத்தான் மாடு வருது. வேற எதுக்கும் இல்ல. எங்க ரோடு வெதுவெதுன்னு இருக்கோ அங்க வந்து படுக்கும். எனக்குத் தெரியாதா?”

“ரேஞ்சரு தண்ணி தேடி வருதுன்னாரு.”

“அவரு கெடக்காரு. இத நிறுத்தினா மாடு போயிரும்.”

யோகராணியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேல இருந்து ஏதாச்சும் கேட்டாங்களா? நீ பயந்துட்ட. அதான் நிறுத்தப் பாக்குற.”

“இல்லக்கா…”

“பாரஸ்டுக்காரன் வெறகு பொறுக்க விடமாட்டேங்குறான். வெளிநாட்டுச் சீகை மரத்த ஒழிக்கணும்னு நாங்கதான் கூலிக்கு வெட்டிப் போடுறோம், அது அங்கனயே மக்குது, ஒரு சுள்ளி வீட்டுக்குக் கொண்டாந்தா கேசு. போன குளிருக்கு மாமா மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. இந்த வருசந்தான் மனுசன் படுத்துத் தூங்குறாரு. மாடு வந்தா வந்துட்டுப் போகுது, கதவச் சாத்திக்கிறோம். ஒனக்குத் தொந்தரவுன்னா நிறுத்திக்க. ஆனா மாட்டு மேல பழி போடாத.”

அதற்கு மேல் பேசிப் பிரயோசனமில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்று சொன்னால்கூட நம்பிவிடுவாள் அக்கா, தங்கச்சி சூடு விடவில்லை என்று சொன்னால் மட்டும் நம்பமாட்டாள்.

சாவடிக்குத் திரும்பியதும் லோகேஸ்வரி நேராகப் பொறியாளர் கீர்த்திவாசனிடம் போனாள். மேஸ்திரியைப் பராமரிப்பவன் அவன். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவளும் சொல்வாள்.

“சோலைமட்டம் கிளைக்கு யார் சார் சூடு விடுறது?”

அவன் திரையில் எதையெதையோ திறந்தான். மேஸ்திரி வந்த பிறகு கிளைச்சாலைகள் சாதாரணமாகத் திரையில் வராது, வண்டி ஓடுகிற ரோடு மட்டும்தான் வரும். தேடிக் கண்டுபிடித்ததும் அவன் புருவம் ஏறியது. “மேஸ்திரிதான். தினமும் ராத்திரி விடுது. பகல்லயும் கொஞ்சம் மிச்சம் நிக்குது.”

“எதுக்கு?”

“நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் மேடம்.” அவன் குத்தலாகச் சொல்லவில்லை, வியந்துதான் சொன்னான். “நீங்க காலையில மாட்டை எழுப்பி நகர்த்துனீங்க. அது ராத்திரியே, படுக்கிறதுக்கு முன்னாடியே வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுது. மெயின் ரோட்டை லேசா வச்சுக்கிட்டு, ஒரு கிளையை நல்லா சூடாக்கினா போதும்ல? வண்டி கம்மியா போற கிளை எதுன்னு பார்த்திருக்கு. சோலைமட்டத்துக்கு எப்பவாவது ஒரு ஜீப். அதான்.”

“அங்க ஆளுங்க இருக்காங்க சார்.”

“அதுக்கு வண்டிதான் தெரியும். எந்த ரோட்ல எத்தனை வண்டி காத்துக்கிடக்குது, எங்க மாட்டோட மோத வாய்ப்பு இருக்குன்னுதான் கணக்குப் போடச் சொல்லியிருக்கோம். சோலைமட்டத்துல எல்லாரும் நடக்கிறவங்க.” அவனுக்கே சொல்லி முடித்ததும் சங்கடமாகிவிட்டது. “யாரும் வேணும்னு செய்யல மேடம்.”

“சரி, இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல. நிறுத்துங்க.”

“மேடத்தைக் கேக்கணும்.”

மேடம் என்றால் பூங்காவின் துணை இயக்குநர் திலோத்தமா. கடுமையான ஆள் இல்லை. லோகேஸ்வரியை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுதும் கேட்டார். 

“நிறுத்தினா மாடு எங்க போகும்?”

“பழையபடி மெயின் ரோட்டுக்கு வரும் மேடம். நான் காலையில எழுப்பிவிடுறேன். முன்னாடி செஞ்சதுதான்.”

“ஒரு நாள் நீங்க கண்ணசந்தா? பால் வண்டி டிரைவர் வீட்டுக்கு நீங்களும் வந்தீங்க, நானும் வந்தேன்.”

 அது பொய்யில்லை.

“நான் சோலைமட்டத்துக்காரங்களுக்கு எதிரி இல்லம்மா. அவங்க கீழ வந்தா ஆஸ்பத்திரி இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. அங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்றாங்க? இருபத்தாறாம் தேதி கிராம சபை முடியட்டும். அதுக்கப்புறம் பேசிக்கலாம்.”

“மாடு வரப் போயிதான் மேடம் அவங்க சம்மதிக்கப் போறாங்க.”

“அதை நாம செய்யலையே” என்றார் திலோத்தமா. ஒரு பிழை தனக்குச் சாதகமாக விழும்போது மனிதர்கள் எவ்வளவு சாந்தமாகிவிடுகிறார்கள் என்று லோகேஸ்வரி அன்றைக்குப் பார்த்தாள். நமஸ்காரம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

 பெரிய சதி ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. இயந்திரத்துக்கு ஆள் தெரியவில்லை, அதிகாரிக்குத் தெரிந்தும் அவசரமில்லை. வித்தையைக் கற்றுக்கொடுத்தவள் மட்டும் இவள். இவள் கொடுத்த கோலை வாங்கித்தான் இவள் அக்காவின் வீட்டுக்குள் மாட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் மத்தியானம் ரோந்து ஜீப்பில் ஏறிக் கிளை பிரியும் முக்கில் இறங்கினாள். அங்கே ரோட்டோரத் தொட்டியில் சோலைமட்டம் குழாயின் வால்வு இருந்தது. மேஸ்திரி எதை வேண்டுமானாலும் முடிவு செய்யலாம், இந்த இரும்புச் சக்கரத்தைத் திறந்து வைத்திருந்தால்தான் சுடுதண்ணீர் உள்ளே போகும். மூடி துரு ஏறிக் கிடந்தது. ராஜலிங்கம் மாமா பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது அவள் கண்முன் வந்தது. ‘குளிர் நமக்கென்ன புதுசா?’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ‘இரண்டு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டால் பங்குனி வந்துவிடும். வீடு போனால் வருமா?’ சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இறுக்கி மூடினாள்.

மாடுகள் சொன்ன சொல் தவறாதவை. அன்றைய இரவே சோலைமட்டத்தை விட்டுக் கிளம்பிவிட்டன. அடுத்த நாள் காலையில் மெயின் ரோட்டில் வளைவுக்கு வளைவு படுத்திருந்தன. மேஸ்திரி குழம்பிப்போய் எங்கெங்கோ சூடு விட்டுப் பார்த்தது. லோகேஸ்வரி அதை ஒதுக்கிவிட்டுத் தன் கையாலேயே ஒவ்வொரு துண்டாக ஆறவிட்டு எழுப்பினாள். கேட் தாமதமாகத் திறந்தது. காய்கறி லாரிக்காரர்கள் அவளுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள். கீர்த்திவாசனுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அவன் பார்வையிலேயே தெரிந்தது, ஆனால் அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கிராம சபை வரை அவள் சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. கண்ணசந்தால் யார் வீட்டிலோ இழவு என்ற பயம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. மேலே அக்கா வாசலில் கொம்பு இல்லை.

குடியரசு தினத்தன்று கொடியேற்றிய கையோடு எல்லோரும் மேலே போனார்கள். திலோத்தமா, வருவாய்த்துறை ஆட்கள், ஒலிபெருக்கிக்காரர். கடைசி ஜீப்பில் லோகேஸ்வரி. பழைய புள்ளைக்காம்பராவில்தான் சபை. தோட்டத்துக் காலத்தில் கொழுந்து பறிக்கிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கூடம் அது, அவளும் அங்கே கிடந்து வளர்ந்தவள்தான். வாசலில் சாணிகூட இல்லை. சுத்தம். ரோட்டில் ஒரு பாயும் இல்லை. அவள் அதைக் கவனித்தாள், ஆனால் நினைப்பு அதில் நிற்கவில்லை.

அதிகாரி எழுந்து திட்டத்தைப் படித்தார். யாரையும் யாரும் வற்புறுத்தவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். எல்லோர் பார்வையும் யோகராணி பக்கம் திரும்பியது. லோகேஸ்வரி அந்தக் கப்பல் வசனத்துக்காகக் காத்திருந்தாள்.

யோகராணி எழுந்தாள். தலையோடு சேர்த்துப் போர்வையைச் சுற்றியிருந்தாள், உதடு வெடித்திருந்தது. “கீழ வீடு குடுக்குறதுன்னா ரோட்டோரமா குடுக்கணும்” என்றாள். “சூடு ஓடுற ரோட்டோரமா. அதச் சொல்லுங்க.”

திலோத்தமா முன்னால் சாய்ந்தார். “அடிவாரத்துல மெயின் ரோட்டை ஒட்டித்தான்மா இடம்.”

“அப்ப சரி” என்று யோகராணி கையைத் தூக்கினாள். அவள் கை போனதும் ஊர்க் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. பாக்கியத்தின் மகன், மிளகு காயவைத்தவள், கைக்குழந்தைக்காரி, எல்லோரும். எதிர்த்து ஒரு கைகூட இல்லை.

 கூட்டம் கலைந்தபோது திலோத்தமா லோகேஸ்வரியின் பக்கத்தில் வந்து நின்றார். “வால்வு விஷயம் கீர்த்தி சொன்னான்” என்றார் தணிந்த குரலில். “முதல்ல கோபந்தான் வந்துச்சு. ஆனா மாட்டைவிட குளிருதான் அவங்கள கீழ இறக்கும்னு உங்களுக்குத் தோணுச்சு பாருங்க. எனக்குத் தோணல.” தோளைத் தொட்டுவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். அவர் பாராட்டிவிட்டுத்தான் போகிறார் என்பது லோகேஸ்வரிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகியிருந்தால்கூடப் பரவாயில்லை, நீ நினைத்துத்தான் குரங்கைப் பிடித்தாய் என்று ஒருவர் மெச்சிவிட்டுப் போகிறார்.

லயத்துக் காம்பராவில் ராஜலிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. கொழுந்தியாளைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். யோகராணி அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க்கா கையத் தூக்குன?”

“மாடு வந்தப்ப கதவச் சாத்திக்கிட்டோம். குளுர என்னத்தப் போட்டுச் சாத்துறது?” தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தாள். “சூடு நின்னன்னிக்கே எங்களுக்குத் தெரியும், நீ மாட்டிக்கிட்டன்னு. எங்க வாயில இருந்து ஒரு வார்த்த போகல புள்ள, சத்தியமா. ஊரே கூடிப் பேசுனோம். நாங்க மேல இருக்குற வரைக்கும் நீ ஒளிச்சு ஒளிச்சுச் சூடு விடுவ, என்னைக்காச்சும் ஒன் வேல போயிரும். கீழ வந்துட்டா ஒனக்கும் பயமில்ல, எங்களுக்கும் குளுரில்ல.”

லோகேஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அக்காவின் மனசில் நல்லவளாகவே இருந்துவிட்டுப் போகலாம். முடியவில்லை.

“அக்கா, சூடு விட்டது நான் இல்ல. நெசமா நான் இல்ல. ஆனா அத நிறுத்துனது நாந்தான். முக்குல போயி வால்வ இந்தக் கையாலதான் மூடுனேன். மாடு போயிரும், நீங்க இங்கயே இருந்துருவீங்கன்னு மூடுனேன்.”

யோகராணியின் கை ராஜலிங்கத்தின் முதுகில் அப்படியே நின்றது. இந்தத் தடவை அவள் நம்பிவிட்டாள். நம்பியது முகத்தில் தெரிந்தது. திட்டுவாள், அழுவாள், ஓங்கி ஒன்று வைப்பாள் என்று லோகேஸ்வரி காத்திருந்தாள். வைத்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

“போயிருச்சு புள்ள” என்றாள் யோகராணி கடைசியில். “மாடெல்லாம் போயிருச்சு.”

 யோகராணி மறுபடி முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“அத இப்பப் போயித் தொறந்து விடுவியா?” என்று கேட்டாள். “லாரி வர்ற வரைக்கும்.”

லோகேஸ்வரி முக்குக்கு நடந்தே போனாள். வால்வைத் திறந்தபோது யாரும் தடுக்கவில்லை, இனிமேல் தடுக்க யாருக்கும் காரணமும் இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் லயத்து ரோட்டில் பனி ஈரம் காய ஆரம்பித்திருந்தது. லயத்திலிருந்து ஒருவர் ஒருவராகப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், காலால் தொட்டுப் பார்த்து இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். ராஜலிங்கத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். மேலே புல்வெளிச் சரிவில் ஒரு காட்டெருமை எழுந்து நின்று இந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பியது.